கழுவாமல் கொடுங்கள்

அந்த அக்காவுக்குக் கழுவிய பாத்திரத்தைக் கண்டால் ஆகாது. வீடு வீடாகச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவருக்கு இப்படி ஒரு குணம் எப்படி வந்தது என்று கேட்டால், முதலில் எனக்கும் தெரியாதுதான். முதல் தடவை பாத்திரம் திருப்பிக் கொடுத்தபோதே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா சாப்பிட்ட டிபன் கேரியரை நார் போட்டுத் தேய்த்து, துணியால் ஈரம் ஒற்றி, நாலு கிண்ணத்தையும் அடுக்கி மாட்டி, வாசலில் நின்றவரிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதைத் திறந்து ஒவ்வொரு கிண்ணமாக உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு உங்கள கழுவச் சொன்னது?"

"எச்சில் பாத்திரத்த அப்படியே எப்படிக்கா குடுக்கிறது?"

"அப்படியேதான் குடுக்கணும். மிச்சம் கிடந்தா மிச்சத்தோட, எலும்பு கிடந்தா எலும்போட. நாளையிலேருந்து கழுவாதீங்க. அங்கிள்கிட்டயும் சொல்லி வைங்க."

என் அம்மா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதே பாவம் என்று ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புகிற ஆள். ஆனால் அம்மா இல்லை. கருமாதி முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டின் ஐந்தாவது மாடியில் இருந்தார். ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் அடுப்படியில் அவருக்கு எதுவும் தெரியாது. நான் கிள்ளானில் குடும்பத்தோடு இருந்தேன். வேலை ஷா ஆலமில், ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். "என்கூட வந்துருங்கப்பா" என்று எத்தனை முறை கேட்டாலும், "மக வீட்டுல போயி உக்காந்து சோறு திங்கச் சொல்றியா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். அதனால் வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து கொமுட்டர் ரயில் பிடித்துப் போய் அப்பாவைப் பார்ப்பது, திரும்ப ரயில் பிடித்துக் கிள்ளான் வந்து சேர்வது, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, அப்படியே சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கிப்போவது என்று என் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ரயிலும் சொன்ன நேரத்துக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மாவுக்காக ஆற அமர உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் இந்த அக்காவைச் சொல்லிவிட்டார். மத்தியானம் ஒரு வேளை கேரியரில் சோறு வரும், பாதியை இரவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம், மறுநாள் வரும்போது பழைய கேரியரை வாங்கிக்கொண்டு போவார் என்பது ஏற்பாடு.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். குள்ளமான உருவம். தொளதொளவென்று ஒரு டி-ஷர்ட், கைலி, தோளில் துண்டு. கேரியர்களை ஒரு குழந்தைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு வருவார். குழந்தை உட்காரும் இடத்தில் ஒன்பது கேரியர், காலடியில் நாலு, கைப்பிடியில் மாட்டின பைகளில் மிச்சம். சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. "சாப்பிட்டீங்களா" என்று யாரையும் கேட்க மாட்டார். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒருத்தரும் உண்மை சொல்வதில்லை என்பது அவருடைய கட்சி. பாத்திரத்தைத்தான் கேட்பார். சுற்று முடிந்ததும் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து, வாங்கின கேரியர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எது மிச்சம், எவ்வளவு மிச்சம், தொட்டுப் பார்த்து விட்டதா, தொடாமலே விட்டதா என்று பார்ப்பார். அப்பா அவருக்கு 'சோத்து சி.ஐ.டி.' என்று பெயர் வைத்தார். அம்மா போன பிறகு அப்பா செய்த முதல் கிண்டல் அது.

கீழ்மாடியில் யாழ்ப்பாணத்து ஆன்டி ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். "எனக்கு இப்ப பசிக்கிறேல்லை, வயசு போயிட்டுது" என்று மகன்களிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மகன்களும் நம்பினார்கள். அக்கா ஒரு வாரம் கேரியரைப் பார்த்தார். பருப்பு, ரசம், குழைந்த சோறு எல்லாம் காலி. கோழியும் பயத்தங்காய்ப் பொரியலும் அப்படியே. "ஆன்டிக்குப் பசி நல்லாத்தான் இருக்கு. பல்லுசெட்டுதான் சரியில்ல. கடிச்சா வலிக்குது, சொல்ல வெக்கம்" என்றார். பல் டாக்டர் செட்டைச் சரிசெய்து கொடுத்ததும் ஆன்டி கோழியை எலும்போடு கடிக்க ஆரம்பித்தார். அதற்காக அவர் அக்காவுக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. வயிறு நிறைந்ததும், சாம்பாரில் உப்பு கூட என்று குறை சொன்னார்.

இரண்டாம் மாடியில் ஈப்போவிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு இளைஞர். அவருடைய கேரியர் மூன்று நாள் திறக்கப்படாமலே திரும்பி வந்தது. நாலாவது நாள் அக்கா கேரியரைக் கொடுக்காமல் அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, எங்கேயோ சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார். அக்கா தன் போனிலேயே ஈப்போவுக்கு அழைத்து, அவர் அப்பாவிடம் பேச வைத்தார். அன்றைக்கு மற்ற வீடுகளுக்கெல்லாம் சோறு ஒரு மணி நேரம் தாமதம்.

எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் மாடியில் ஒரு அண்ணன், கொழுகொழுவென்று இருப்பார். அவர் கேரியரில் தினமும் பாதிச் சோறு மிச்சம். அக்கா விடவில்லை. ஈரலைப் பார்க்கச் சொன்னார், தைராய்டைப் பார்க்கச் சொன்னார். அந்த அண்ணன் பயந்துபோய் ரத்தம் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள் அக்கா மிளகாய்த் தூள் வாங்கப் போன வழியில் எட்டிப் பார்த்தால், பதினோரு மணிக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மூன்று ரொட்டி சானாயை மீன் கறியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் இதுதான் நடப்பு. அக்கா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவர் கேரியரில் பாதிச் சோறுதான் இருந்தது.

"பசி வந்தா பத்தும் பறந்துரும்னு சொல்றாங்கள்ல? பசி போனா எது பறந்துச்சுன்னு பாக்கணும். அது தானா போகாது, எதாவது ஒண்ணு தள்ளி விட்டிருக்கும்" என்பார். அதற்கு அவரிடம் மூன்று கேள்வி இருந்தது. வாசனை பிடிக்குதா, வாயில போகுதா, வயித்துல நிக்குதா. மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், அப்புறம் மனசைக் கேட்க வேண்டும் என்பார். எங்கே படித்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "படிச்சிருந்தா நான் ஏன் தள்ளுவண்டி தள்றேன்" என்றார். இவ்வளவு சொல்கிறேனே, அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் 'சாப்பாட்டு அக்கா' என்றுதான் இருந்தது. பிற்பாடு அவர் மகளோடு செராஸ் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த எண்ணும் இப்போது வேலை செய்வதில்லை.

சோறு வரத் தொடங்கி ஐந்தாவது வாரம். தொழிற்சாலையில் நான் வேலையாக இருந்தபோது அக்கா போன் செய்தார். அதுதான் முதல் முறை.

"உங்கப்பா ரெண்டு வாரமா கேரியர கழுவிக் குடுக்கிறாரு. சொல்லியும் கேக்கல."

நான் சிரித்துவிட்டேன். "நல்லதுதானேக்கா. எதாச்சும் ஒரு வேலை செய்யட்டுமே."

அவர் போனை வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் கழுவினாலும் குற்றம், அப்பா கழுவினாலும் குற்றம், இந்த மனுஷியோடு பெரிய சுசா, பெரிய தொல்லை என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் அப்பாவைப் பார்க்கப் போனபோது, "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டேன். "சாப்பிட்டேம்மா" என்றார். மீன் எப்படி இருந்தது என்றேன், நன்றாக இருந்தது என்றார். அவர் கால்சட்டை பெல்ட்டில் ஆணியால் குத்தின புதிய ஓட்டை ஒன்று இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அப்பா சொன்னதை நம்பிவிட்டால் ஏழு மணி ரயிலைப் பிடித்துவிடலாம். நம்பாவிட்டால் உட்கார்ந்து பேச வேண்டும், டாக்டரிடம் போக வேண்டும், விடுப்பு எடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு நம்புவதற்கு மட்டும்தான் தெம்பு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் அப்பா வீட்டில் இருந்தபோதே அக்கா வந்தார். சோற்றை வைத்துவிட்டுப் போகாமல் உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். கோழிப் பிரட்டல் வாசனை வீடு முழுக்க வந்தது. அப்பா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அங்கிள், சோத்த எங்க கொட்றீங்க?"

அக்காவே சொன்னார், மாடியில் இருந்து பார்த்த ஒருத்தர் சொன்னாராம், கீழே குப்பைத்தொட்டிப் பக்கம் இருக்கிற பூனைகளுக்குத் தினமும் விருந்து என்று. சோற்றைப் பூனைக்குப் போட்டுவிட்டு, தடயம் தெரியாமல் கேரியரை விளக்கி வைத்திருக்கிறார். இருபது நாளாக.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ தெரியவில்லை. என் அப்பாவை என் முன்னாலேயே வேற்று மனுஷி குற்றவாளி மாதிரி உட்காரவைத்து விசாரிக்கிறார் என்பதுதான் தலைக்கு ஏறியது. அதோடு, நான் பார்க்க வேண்டியதை அவர் பார்த்துவிட்டார் என்ற எரிச்சலும்.

"அம்மா போயி ரெண்டு மாசம் ஆகலக்கா. துக்கத்துல யாருக்குப் பசிக்கும்? நீங்க சமைக்கிறவங்க. சமைச்சுக் குடுத்துட்டுப் போங்க. டாக்டர் வேலையெல்லாம் நீங்க பாக்க வேணாம்."

முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னேன். அக்கா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. தள்ளுவண்டியின் சக்கரம் படிப்படியாகத் தட்டிக்கொண்டு இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மாடி இறங்கும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல் ஓடிப்போய் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவர் "வண்டிய நேராப் புடிங்க, குழம்பு சிந்திரும்" என்றார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். லோரி ஓட்டியவர். ஒவ்வொரு வருஷமும் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பார். ஒரு வருஷம், இந்த முறை எண்பது நாள் இருக்கப்போகிறேன் என்றார்.

"என்ன வேண்டுதல்னு கேட்டேன். வேண்டுதல வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாரு. சரி, சாமி காரியம், நான் என்னத்தச் சொல்ல? மொதல்ல ஒருவேளை சோறு. அப்புறம் கஞ்சி. அப்புறம் வெறும் பால். ஆளு இளைச்சுட்டாரு. கோயில்ல எல்லாரும் 'மூஞ்சில என்ன தேஜஸ்'னு கால்ல வுழுறாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. விரதத்துல இருக்கிறவரு தட்டு தனிதானே? அவரே சாப்பிட்டு, அவரே கழுவி, அவரே கவுத்து வச்சிருவாரு. நாம தொடக்கூடாது. எண்பது நாளும் அவரு தட்டுல என்ன மிச்சம்னு நான் பாக்கவே இல்லம்மா."

தைப்பூசம் முடிந்து, இடும்பன் பூசையும் முடிந்து, விரதம் விட்ட அன்று அக்கா வீடு முழுக்க மணக்கிற மாதிரி ஆட்டுக்கறி சமைத்து, கணவருக்கு முதல் இலை போட்டிருக்கிறார். ஒரு வாய் வைத்தார். அது இறங்கவில்லை. இரண்டாவது வாயும் இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தலையைக் குனிந்துகொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். உணவுக்குழாயில் கட்டி. ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை நாளாகச் சாப்பிட முடியவில்லை என்று கேட்டபோது, அக்கா விரதக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். கணவர் ஐந்து மாதத்தில் போய்விட்டார். முடியாததை மறைக்க விரதம் இருந்தாரா, சாமியாவது குணப்படுத்தட்டும் என்று இருந்தாரா, இன்றுவரை தெரியாது என்றார்.

"துக்கம் வேறம்மா. துக்கத்துல இருக்கிறவருக்குச் சோறு முன்னாடி இருக்கிறதே தெரியாது. பக்கத்துல உக்காந்து பெசஞ்சு குடுத்தா நாலு வாயி போயிரும். உங்கப்பாவுக்குத் தெரியுது. வாசனை வந்ததும் மூஞ்சியத் திருப்புறாரு. அதுக்கு என்ன காரணம்னு எனக்குத் தெரியல. துக்கம்னு நீங்களே முடிவு பண்ணிராதீங்க. அவ்வளவுதான் நான் சொல்றது."

மறுபடி இரண்டு பேரும் மாடி ஏறினோம். அக்கா தன் மூன்று கேள்வியைக் கேட்டார். இந்தமுறை அப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. வாசனை வந்தாலே குமட்டுகிறது. வாயில் எப்போதும் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி. சாப்பிட்டால் வயிறு கலக்கிப் போய்விடுகிறது. அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"மாத்திரை எதாச்சும் புதுசா போடுறீங்களா அங்கிள்?"

"புதுசா ஒண்ணும் இல்லம்மா. பழைய இனிப்புநீர் மாத்திரைதான், சக்கரைக்குப் போடுறது."

"எடுத்துட்டு வாங்க. வீட்டுல இருக்கிற எல்லாத்தையும்."

அப்பா நகரவில்லை. நான்தான் அலமாரியில் இருந்து அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துவந்தேன். உள்ளே அரசாங்க கிளினிக்கில் கொடுக்கிற பாக்கெட்டுகள். ஒன்றில் அப்பா பெயர். இன்னொன்றில் அம்மா பெயர். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே மாத்திரை. இறப்பதற்கு முந்தின வாரம்தான் அம்மா போய் மூன்று மாதத்துக்கான மாத்திரையை வாங்கி வைத்திருந்தார். அந்தப் பாக்கெட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"அப்பா, அம்மா மாத்திரைய யாரு போட்டது?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நாப்பது வருஷமா காலைல பசியாறிட்டு, என்னோடத எனக்குக் குடுத்துட்டு, அவளோடத அவ போட்டுக்குவா. இப்ப என்னோடத எடுத்தா அவளோடது அங்கேயே கிடக்குது. அவ பேரு போட்ட பாக்கெட்ட எப்படிம்மா குப்பையில போடுறது? ஒரே மாத்திரைதானேன்னு அவ பங்கையும் சேத்துப் போட்டுக்கிட்டேன். வீணாப் போகக்கூடாதுல்ல."

நான் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரைத் திட்ட வேண்டும் என்றும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் இருந்தது. அக்காதான் எழுந்தார். "இதுதான் காரணமான்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பாக்கெட்டையும் கையில எடுத்துக்கிட்டு இப்பவே டாக்டர்கிட்ட போங்க. திங்கக்கிழமை வரைக்கும் தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச வீடுகளுக்குச் சோறு கொடுக்கப் போனார்.

கிளினிக்கில் இருந்தவர் சின்ன வயதுச் சீனப் பெண் டாக்டர். இரண்டு பாக்கெட்டையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மூன்று நாள் வைத்து ரத்தம் எடுத்து, சிறுநீரகத்தைப் பார்த்தார்கள். நல்ல காலம், பெரிய சேதம் இல்லை. இந்த மாத்திரை அளவுக்கு மீறிப்போனால் வாய் ருசி கெடும், குமட்டும், பசி அற்றுப்போகும், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். அதோடு விடவில்லை. ஈரல், தைராய்டு, வேறு ஏதாவது கிருமி என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். துக்கமும் சேர்ந்து இருக்கலாம், மருந்தைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் பசி திரும்பாவிட்டால் மறுபடி வந்து பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

அந்த இரண்டு வாரமும் எனக்கு நினைவில் சரியாக இல்லை. ரயில், வேலை, ரயில். அப்பாவுக்குப் பசி வரவில்லை என்றால் அடுத்து என்ன என்பதை நினைக்காமல் இருப்பதற்காக வேலையில் தலையைக் கொடுத்துக்கொண்டேன். அக்கா பெரிய கேரியரை நிறுத்திவிட்டு, சின்னதாக ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். எண்ணெய் இல்லாமல், தாளிப்பு வாசனை இல்லாமல், இஞ்சி போட்ட மோர், எலுமிச்சை ஊறுகாய், ஆறின கஞ்சி. தினமும் மத்தியானம் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவார். "ரெண்டு கரண்டி." "இன்னைக்கு நாலு." "இன்னைக்கு ஒண்ணும் இல்ல, கவலப்படாதீங்க." அந்தப் பதிவைக் கேட்ட பிறகுதான் நான் என் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

பதிமூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் காலையிலேயே வந்து வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்து, சோற்றையும் வஞ்சிர மீன் குழம்பையும் மேசையில் வைத்தார். நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே அப்பா அறையில் இருந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானே ஒரு கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தட்டை வைத்தேன். அக்கா தட்டில் சோறு வைத்துப் பிசையப் போன நேரம், அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அம்மாவைத் தூக்கின அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

"என்னப்பா, குமட்டுதா?"

"பசிக்குதும்மா."

"பசிச்சா நல்லதுதானப்பா! இதுக்குப் போயி…"

"உங்கம்மா போயி மூணு மாசம்கூட ஆகல. பத்து மணியிலேருந்து கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன், எப்ப சோறு வரும், எப்ப சோறு வரும்னு. மீன் குழம்பு வாசனை படியில வரும்போதே எச்சில் ஊறுது. வெக்கமா இருக்கும்மா. என்ன மனுசன் நான்? அவ இல்லாம எனக்கு எப்படிப் பசிக்குது?"

இத்தனை நாள் இந்தப் பசிக்காகத்தான் அலைந்தோம். வந்ததும் அதையே குற்றமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தட்டை அவர் தொடாமல் எழுந்துவிட்டால், இனி மாத்திரையை மாற்றி ஒன்றும் ஆகாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வழக்கமாக நின்றுகொண்டேதான் பேசுவார். அன்று நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்கிள், எங்க வீட்டுக்காரர தூக்கிட்டுப் போன அன்னைக்கு எனக்குப் பசிச்சுது."

அப்பா கையை எடுத்தார்.

"பொட்டி தெரு முனை திரும்புது. பொம்பளைங்க எல்லாம் என்னப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நானும் அழுதுகிட்டுத்தான் இருக்கேன். பக்கத்துல யாரோ மீன் பொரிக்கிறாங்க. அந்த வாசனை வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு பசி. கண்ணு தண்ணி ஊத்துது, வாயி எச்சில் ஊறுது. குளிக்கப் போறேன்னு சொல்லிட்டு உள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, பாத்ரூம்ல நின்னுக்கிட்டே ரெண்டு பிஸ்கட் தின்னேன். சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு தண்ணியத் திறந்து வுட்டுட்டுத் தின்னேன். எம் மகளுக்குக்கூட இது தெரியாது."

கீழே ரயில் ஒன்று போனது. அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்பது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த பிஸ்கட்டு இனிச்சுதாம்மா?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இனிச்சுது அங்கிள். நல்லா இனிச்சுது."

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.